படபடப்புக்கும் பயத்துக்கும் மூலிகை: தர்மபுரி நாட்டு மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறேன். சளி, சர்க்கரை, மூட்டுவலிக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் பேர் கேட்டு வருவது மனப் படபடப்புக்கு மருந்து. ஓசூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கும் பையன் வருகிறான். தக்காளி விலை விழுந்து வட்டி கட்ட முடியாத பாலக்கோட்டு விவசாயி வருகிறார். பிளஸ் டூ படிக்கும் மகளை நினைத்துத் தூக்கம் கெட்ட அம்மா வருகிறார். கேட்பவர்கள் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் நின்றபடி அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். நான் சித்த மருத்துவர் இல்லை, சரக்கை அறிந்தவன். எந்த இடத்தில் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுங்க. என்ன பொடி வாங்கட்டும்?"

பொடியை எடுக்கும் முன் நான் சில விஷயங்கள் கேட்பேன். எத்தனை நாளாக இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை காபி, டீ? ஹான்ஸ், பாக்கு போடுகிற பழக்கம் உண்டா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?

காரணம் இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும், உடம்பு இளைக்கும், தூக்கம் வராது. ரத்தசோகை இருந்தால் படியேறினாலே படபடக்கும். நம் பக்கத்துப் பெண்களிடம் இது மிகச் சாதாரணம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறவருக்குச் சர்க்கரை இறங்கிப் பயம் போலவே வரும். இவை எதற்கும் அமுக்கராவோ வல்லாரையோ மருந்து இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி. இந்த நான்கும் அரசு மருத்துவமனையில் பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு வந்தால்தான் "இது மனசு சம்பந்தப்பட்டது" என்று தைரியமாகச் சொல்ல முடியும்.

நெஞ்சில் பாரம் வைத்தது போல வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, இவை இருந்தால் என் கடைக்கு வரவே வேண்டாம். 108க்கு போன் செய்யுங்கள். "வாயுவா இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

"அமுக்கரா சாப்பிட்டா பயம் போகும்னு யூடியூப்ல சொல்றாங்களே, நெசமா?"

அமுக்கராதான் இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர். அசுவகந்தா என்று டப்பாவில் எழுதியிருப்பதும் இதுவே. உடம்பு தேறவும், நரம்புத் தளர்ச்சிக்கும், தூக்கத்துக்கும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் வேர்.

ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 2012இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், மன அழுத்தம் இருந்த 64 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேரின் சாரம் 300 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, 60 நாள் கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் குறைந்தது, ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 64 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அவர்கள் கொடுத்தது செறிவாக்கிய சாரம். நான் பொட்டலம் கட்டித் தருவது இடித்த வேர். அந்தக் கணக்கை இதற்கு அப்படியே போட முடியாது.

என் கருத்தைக் கேட்டால், லேசான படபடப்பு, அலைச்சலால் வந்த தூக்கக்கேடு, இவற்றுக்கு அமுக்கரா கைகொடுக்கும். இன்று சாப்பிட்டு இன்று இரவே தெரியாது. சில வாரம் ஆகும். வீட்டை விட்டு வெளியே போகவே முடியாத அளவு பயம், திடீர் திடீரென்று செத்துவிடுவோமோ என்று வரும் அலறல், இவற்றுக்கு இந்த வேரை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது தவறு.

"நல்ல வேருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

உடைத்துப் பாருங்கள். விரல் தடிமன் வேர், வெளியே வெளிர்ப் பழுப்பு, உடைத்தால் பட்டென்று உடைந்து உள்ளே மாவு போல வெள்ளையாக இருக்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. ஊசித் துளை இருந்தால் பூச்சி விழுந்தது. மூக்கருகே வைத்தால் குதிரை லாயத்து வாடை லேசாக அடிக்கும். வாயில் போட்டால் மெல்லிய கசப்பு. கடைகளுக்கு வரும் வேரில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கத்திலிருந்து வருவது.

பொடியை அப்படியே பயன்படுத்துவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சட்டியில் பாலும் தண்ணீரும் சமபங்கு ஊற்றி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, துணியின் மேல் பொடியைப் பரப்பி, மேலே மூடி, ஆவியில் வேக வைப்பார்கள். பிட்டவியல் என்று பெயர். வெந்ததை வெயிலில் உலர்த்தி மறுபடி இடித்துச் சலித்தால்தான் மருந்துக்கு ஆகும். எங்கள் வீட்டில் இந்த வேலை நடக்கும் நாளில் தெருவே பால் மணக்கும். வாங்கும் கடையில் இப்படிச் சுத்திகரித்ததா என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

இலையைத் தொடாதீர்கள். வேரோடு இலையையும் சேர்த்து அரைத்து விற்கிறார்கள் என்பதால்தான், வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

"அமுக்கரா பொடியும் அமுக்கரா சூரணமும் ஒண்ணுதானே?"

இல்லை. இந்தக் குழப்பம் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து.

அமுக்கரா சூரணம் கூட்டு மருந்து. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு. மொத்தம் 255 பங்கு. அதில் 128 சர்க்கரை என்றால் பாதிக்கும் மேல் சர்க்கரை, அமுக்கரா கால் பங்குதான். "மூலிகைதானே" என்று இரண்டு வேளை பாலில் கலந்து குடித்துவிட்டு, சர்க்கரை ஏன் ஏறியது என்று தெரியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மிளகும் திப்பிலியும் சுக்கும் இருப்பதால் வயிற்றுப் புண் இருப்பவருக்கும் எரிச்சல் கொடுக்கும். எவ்வளவு, எதில் கலந்து, எத்தனை நாள் என்பதைச் சித்த மருத்துவர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்லட்டும்.

"யாரெல்லாம் அமுக்கரா சாப்பிடக் கூடாது?"

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஏனென்றால் அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. மாத்திரையும் அமுக்கராவும் சேர்ந்து சர்க்கரையோ அழுத்தமோ அளவுக்கு மீறி இறங்கலாம். தூக்க மாத்திரை போடுகிறவர்களுக்கு மயக்கம் கூடும். உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள், சரவாங்கி (முடக்குவாதம்) போன்ற எதிர்ப்புசக்தி நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அறவே வேண்டாம்.

கல்லீரல் விஷயமும் உண்டு. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா சாப்பிட்ட 5 பேருக்கு மஞ்சள் காமாலை வந்ததை 2020இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நிறுத்தியதும் சில மாதங்களில் சரியானது. டென்மார்க் 2023இல் தடையே செய்துவிட்டது. நம் ஊரில் இத்தனை பேர் சாப்பிடுகிறோமே என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சிறுநீர் மஞ்சளாகப் போனால், அரிப்பு எடுத்தால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள்.

"வல்லாரை தினமும் சாப்பிடலாமா?"

எனக்கு மிகவும் பிடித்த கீரை. உழவர் சந்தையில் கட்டாக வரும். ஓசூர், தளிப் பக்கம் போனால் கன்னடம் பேசுகிறவர்கள் ஒந்தெலகா என்று கேட்டு வாங்குவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் துவையலாகச் சாப்பிடுவது நல்லது. கைப்பிடி இலையை நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, தேங்காய் வைத்து அரைத்தால் கசப்பு தெரியாது. கேழ்வரகுக் களிக்குக்கூட நன்றாக இருக்கும்.

2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வில் 40 பேரில் ஒரு பிரிவுக்கு 12 கிராம் வல்லாரையை ஒரே வேளையாகக் கொடுத்து, திடீர்ச் சத்தம் கேட்டால் எவ்வளவு திடுக்கிடுகிறார்கள் என்று அளந்தார்கள். வல்லாரை சாப்பிட்டவர்கள் அடுத்த ஒரு மணி நேரத்தில் குறைவாகவே திடுக்கிட்டார்கள். பதறுகிற மனசைத் தணிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. அதற்காக 12 கிராம் பொடியைத் தினமும் விழுங்க வேண்டாம். அதிகமானால் தலைவலி, மந்தம் வரும். அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. கீரையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

பறிக்கும் இடம் முக்கியம். வல்லாரை ஈரத்தில் வளரும், சாக்கடை ஓரத்திலும் செழிப்பாக வளரும். அழுக்குத் தண்ணீரில் உள்ள ஈயம் போன்றவற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொட்டியில் வளர்ப்பது எளிது; ஒரு கணுவை நட்டு நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

எலிக்காது இலையை வல்லாரை என்று நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. இலை பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். எலிக்காதில் மஞ்சள் பூ புனல் வடிவில் பூக்கும். வல்லாரைப் பூ கடுகளவு, இளஞ்சிவப்பு, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

"பிரம்மி குடுங்கன்னா நீங்க எதைக் குடுப்பீங்க?"

எதற்கு என்று திருப்பிக் கேட்பேன். வட இந்தியத் தயாரிப்புகளில் பிரம்மி என்ற பெயரில் வல்லாரையும் வரும், நீர்ப்பிரமியும் வரும். நீர்ப்பிரமி வேறு செடி. ஏரிக்கரையில், வயல் வரப்பில் படரும். சின்னத் தடித்த இலை, வெளிர் ஊதாவோ வெள்ளையோ ஐந்திதழ்ப் பூ, கடும் கசப்பு. இதில்தான் பிரமி நெய் செய்வார்கள். ஞாபகசக்திக்கு இதை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மூன்று மாதம் கொடுத்துத்தான் பலனைப் பார்த்தார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் வந்து "பையனுக்கு ஞாபகம் வரணும், பயம் போகணும்" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. வெறும் வயிற்றில் குடித்தால் வயிற்றைப் புரட்டிப் பேதியும் ஆகலாம். பரீட்சை ஹாலில் அது இன்னும் தொந்தரவு.

சங்குப்பூவும் இதே கதைதான். வேலியில் படரும் நீலச் சங்குப்பூவும், வடக்கே சங்கபுஷ்பி என்று சிரப் செய்யும் செடியும், நம் கொல்லையில் தரையோடு கிடக்கும் விஷ்ணுகிராந்தியும் மூன்று தனித்தனிச் செடிகள். சங்குப்பூ டீ நிறத்துக்கும் குளிர்ச்சிக்கும் குடிக்கலாம். பயத்தை நீக்கும் மருந்தாக அதை நான் விற்பதில்லை.

"சர்ப்பகந்தி வேர் கிடைக்குமா? பாட்டன் காலத்துல பைத்தியத்துக்கே கொடுத்தாங்களாம்."

கொடுத்தது உண்மை. 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. 1952இல் வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். நம் நாட்டுச் செடி ஒன்று நவீன மனநல மருத்துவத்துக்கே கதவு திறந்தது எனக்குப் பெருமை.

அந்தப் பெருமையோடுதான் சொல்கிறேன், நீங்களாக இதைத் தொடாதீர்கள். ரத்த அழுத்தத்தைச் சடாரென்று இறக்கும். மனச்சோர்வை உண்டாக்கும், ஏற்கெனவே சோர்ந்திருப்பவரை இன்னும் கீழே தள்ளும். பயத்துக்கு மருந்து தேடி வந்தவர் வாழ்க்கையே வெறுத்துப்போகும் நிலைக்குப் போகலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

"ஜாதிக்காய் பால்ல போட்டுக் குடிச்சா தூக்கம் வருமா?"

இரவில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். ஒரு முழுக்காயை உரைத்துக் குடித்தால் வாய் வறண்டு, நெஞ்சு அடித்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியும். எதற்குக் குடித்தீர்களோ அதற்கு நேர் எதிர்.

"குழந்தை பயந்துடுச்சு. வசம்பு சுட்டு நாக்குல தடவட்டுமா?"

கையில் வளையலாகக் கட்டுவது வரைக்கும் பரவாயில்லை. குழந்தை அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கொடுக்காதீர்கள். வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968லேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. கைக்குழந்தையின் உடம்பு சின்னது, ஈரல் முதிராதது. குழந்தை திடுக்கிட்டு அழுதால் மார்போடு அணைத்து, விளக்கைக் குறைத்து, தாலாட்டுப் பாடுங்கள். விபூதி பூசி மந்திரிப்பது உங்கள் நம்பிக்கை, அதில் கெடுதல் இல்லை. காய்ச்சல், வலிப்பு, பால் குடிக்காமை இருந்தால் மட்டும் மந்திரிக்கிற இடத்தில் நேரம் கடத்தாதீர்கள்.

"சாமந்திப்பூ டீ குடிச்சா மனசு அமைதியாகுமாமே? நம்ம தோட்டத்துலயே இருக்குதே."

அவர்கள் சொல்வது கமோமைல் என்ற சீமைச் சாமந்தி. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் நாம் மாலைக்குப் போடுவது வேறு பூ. அதற்கும் மேலே, விற்பனைப் பூவுக்கு எத்தனை முறை பூச்சிமருந்து அடிக்கிறோம் என்று விவசாயிகளுக்கே தெரியும். அதைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

மருதாணிப் பூவைத் தலையணை அடியில் வைப்பது நல்ல பழக்கம். வாசனைக்குச் செலவில்லை, பக்கவிளைவும் இல்லை.

"மலையிலிருந்து நாங்களே பறிச்சுக்கலாமா?"

சித்தேரி, தீர்த்தமலை, வத்தல்மலை, அஞ்செட்டிக் காடு எல்லாம் மூலிகைக்குப் பேர் போனவைதான். மலைவாழ் மக்களிடம் இருக்கும் அறிவை நான் கும்பிடுகிறேன். எங்கள் தொழிலே அவர்களால் வந்தது. ஆனால் டவுனில் இருந்து பைக்கில் போய்ப் படம் பார்த்துக் கிழங்கு தோண்டுவது வேறு. செங்காந்தள் கிழங்கு வேலியோரம் கிடக்கும், கொஞ்சம் தின்றாலே உயிருக்கு ஆபத்து. ஊமத்தை தெருவோரமே நிற்கிறது. அது மனதைத் தெளிவிக்காது, புத்தியைக் கலக்கி இதயத்தைத் தாறுமாறாக அடிக்க வைக்கும். சட்டமும் இருக்கிறது. 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. அங்கே செடி பிடுங்குவது குற்றம்.

"ஒகேனக்கல்ல எண்ணெய் மசாஜ் பண்ணிக்கிட்டா பதட்டம் குறையுமா?"

குறையும், அன்றைக்கு. உடம்பு இறுக்கம் விட்டால் மனசும் கொஞ்சம் விடும். வாரம் ஒருமுறை வீட்டில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அதே பலன்தான். குளித்த அன்று பகல் தூக்கம் வேண்டாம், இரவுத் தூக்கம் கெடும்.

"எங்க வீட்டுக்காரர் குடியை நிறுத்திட்டாருங்க. ரெண்டு நாளா கை நடுங்குது, பயந்து பயந்து பாக்கறாரு. ஏதாச்சும் கஷாயம் இருக்குதா?"

இல்லை அக்கா. இதற்குக் கஷாயம் கிடையாது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வலிப்பு, ஆள் தெரியாமல் பிதற்றுவது எல்லாம் முதல் சில நாட்களில் வரும். உயிரே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவர் நிறுத்தியது நல்ல காரியம். அதை மருத்துவர் துணையோடு செய்ய வேண்டும்.

"டாக்டர் குடுத்த மாத்திரையை விட்டுட்டு மூலிகைக்கு மாறிக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்துவேன். மனநல மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், பதட்டம், தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவற்றைச் சடாரென்று விட்டால் வலிப்புகூட வரும். மாத்திரையைக் குறைக்க ஆசையா? எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். அவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத் தருவார். மாத்திரை சாப்பிடுவதை வெட்கமாக நினைத்து மறைக்கிறார்கள். பிரஷர் மாத்திரைக்கு வெட்கப்படாதவர்கள் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

"அப்போ எங்கதான் போறது?"

சித்த மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்தா பிரிவுக்குப் போங்கள். பட்டம் பெற்ற மருத்துவர், டாம்ப்கால் போன்ற அரசுத் தயாரிப்பு மருந்து, செலவில்லை. வெளியே வாங்கினால் டப்பாவில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி பாருங்கள். பெயரே இல்லாத உருண்டையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பயம் பல மாதமாக விடாமல் இருந்தால், வேலைக்குப் போக முடியாவிட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைப் பாருங்கள். ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. போக முடியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். டெலிமானஸ் என்ற இந்த இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த எண்ணையோ 104ஐயோ அப்போதே அழையுங்கள்; வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். வீட்டிலிருப்பவர்கள் பூச்சிமருந்தையும் அரளி விதையையும் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிட்டுவரும் பொடி, லேகியம், சிரப் எல்லாவற்றையும் பாக்கெட்டோடு ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். "நாட்டு மருந்து சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. என் கடையில் வாங்கியது என்றால் பொட்டலத்தின் மேல் சரக்கின் பெயரும் தேதியும் பேனாவால் எழுதியிருப்பேன். மற்ற கடையிலும் அப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.